சட்டைக் காலரில் மச்சானின் பெயர்

அன்றைக்குக் கடைக்குள் இருந்தவர்கள் மச்சான், அக்கா, அக்காவின் இடுப்பில் பிள்ளை, நான். இல்லாதவர்கள்தான் அதிகம். அப்பா தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தான் வாயைத் திறந்தால் தோட்டத்தில் ஒரு டிவிஷனே அடங்கும் என்று சொல்லிக்கொள்கிற யூனியன் தலைவர், காலை பஸ்ஸிலேயே நுவரெலியாவுக்குப் போய்விட்டார். மச்சானோடு கூடத் தைத்த இரண்டு பேரும் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பவே இல்லை. வந்தால் அடி விழும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொழும்பு முதலாளி கொழும்பில் இருந்தார். அவர் செய்து அனுப்பிய சட்டைகள் மட்டும் ஹட்டன் கடைவீதியில் எங்கள் கதவுக்கு முன்னால் வந்து நின்றன, ஒவ்வொரு சட்டைக்குள்ளும் ஒரு ஆளோடு.

முதல் கல் கண்ணாடி அலுமாரியை உடைத்தது. பிள்ளை வீரிட்டுக் கத்தியது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன், அந்தக் கல் எங்கிருந்து கிளம்பியது என்று சொல்லிவிட வேண்டும்.

மச்சான் என்றால் என் அக்கா புருஷன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்குப் போனவர் இல்லை, கைநாட்டுத்தான் வைப்பார். ஆனால் எழுபதுகளில் ஹட்டனில் நல்லதண்ணிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால், அதில் நின்ற இளந்தாரிகளின் பெல்பொட்டம் காற்சட்டையில் பாதி அவர் தைத்ததாக இருக்கும். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். எட்டாம் வகுப்பில் படித்தபோது மச்சானின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கடைசி எழுத்தின் வால் கொஞ்சம் நீண்டுவிட்டது. அக்கா அந்த வாலையும் விடாமல் வெள்ளைத் துணிப்பட்டியில் சிவப்பு நூலால் தைத்தாள். மச்சான் தைத்த ஒவ்வொரு சட்டையின் காலருக்கு உள்ளேயும் அந்தப் பட்டி இருக்கும். லயத்துப் பையன்கள் அது பின்னால் நிற்பவருக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தார்கள். வேறு எங்கோ தைத்த சட்டையில் அந்தப் பெயரைத் தைத்துப் போட்ட ஒருவனை, பீலிக்கரையில் குளிக்க வந்த இடத்தில் பிடித்து, சட்டையை நார் நாராகக் கிழித்து, மூக்கில் ரத்தம் வரும்வரை அடித்தார்கள். அடித்தவர்களில் ஒருவர்கூட மச்சானுக்குச் சொந்தமில்லை.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் தையல்காரருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கல்யாணம், தீபாவளி, காதுகுத்து என்று நல்ல காரியத்துக்குத் தைத்த உடுப்பு அந்தக் காரியம் நடக்கும்போதே கிழிந்தால், தைத்தவரே அந்த வீட்டுக்கு வரவேண்டும். பொழுது சாய்வதற்குள் வாசலில் உட்கார்ந்து, கையால் ஊசி பிடித்துத் தைத்துக் கொடுத்து, அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுப் போகவேண்டும். போகாவிட்டால் போட்டவனுக்கு ஏதாவது வந்து சேரும் என்பார்கள். வந்து சேர்ந்தால் அது தைத்தவரின் தலையில். மச்சானை இப்படிக் கூப்பிட்டவர்கள் அபூர்வம். அவர் தையல் அப்படிக் கிழியாது.

ஹட்டனுக்கு டெலிவிஷன் வந்த புதிதில்தான் கொழும்பு முதலாளி கடைக்கு வந்தார். வெள்ளைக் காற்சட்டை, கையில் தோல்பை, தமிழ் பேசுகிறவர். மச்சான் தைத்த சட்டை ஒன்றை அங்கேயே போட்டுப் பார்த்து, கழற்றி, காலரைத் திருப்பி, என் கையெழுத்தை விரலால் தடவினார்.

"தம்பி, நீங்க ஒரு ஊசிகூட எடுக்கத் தேவல்ல. பேர மட்டும் தாங்க."

"பேர எப்பிடிங்க முதலாளி குடுக்கிறது? அது எங்கிட்டதானே இருக்கும்?"

"ஒங்ககிட்டயும் இருக்கும், எங்ககிட்டயும் இருக்கும். வெளிநாட்டுல பெரிய பெரிய டெய்லர்மார் எல்லாம் இப்ப இதத்தான் செய்றாங்க. தலையணை உறைக்கும் செண்டு போத்தலுக்கும்கூட பேர வித்துட்டு வீட்டுல கால நீட்டிக்கிட்டு இருக்காங்க."

அக்கா உள்ளே பட்டன் கட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நாளைக்கு தாலிய கேட்டு வந்தாலும் இவரு இப்பிடித்தான் சொல்வாரு. ஒங்ககிட்டயும் இருக்கும், எங்ககிட்டயும் இருக்கும்னு."

முதலாளி சிரித்தார். மச்சானும் சிரித்தார். ஒப்பந்தத்தை நான்தான் வாசித்துச் சொன்னேன். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. பத்து வருசத்துக்கு ஆயத்த உடுப்பில் அந்தப் பெயரைப் போடும் உரிமை கம்பெனிக்கு. துணியும் தையலும் கம்பெனி பாடு. மச்சானுக்கு மாசாமாசம் ஒரு தொகை. மச்சான் எல்லாவற்றையும் கேட்டு, விளங்கித்தான் கட்டைவிரலை மையில் அழுத்தினார். அதுவரை பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து உழைத்த தோட்டக் கூலியைத் தவிர வேறு பணம் பார்க்காத குடும்பம் எங்களுடையது. வேலை செய்யாமல் வருகிற காசு என்பது அப்பாவுக்குப் பயமாக இருந்தது. "யாரு வேலையோ அதுக்குள்ள இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

ரேடியோக் கடைக்காரர் தன் கண்ணாடி ஜன்னலில் ஒரு டெலிவிஷனை வைத்திருந்தார். சனிக்கிழமை பின்னேரம் கம்பெனியின் நிகழ்ச்சி வரும். ஒரு பெண் உடுப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, விலை சொல்லி, காசுக்கட்டளை அனுப்பினால் தபாலில் வீட்டுக்கே வந்துவிடும் என்பாள், முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில். மச்சானின் பெயர் வரப்போகிற அன்று மூன்று தோட்டத்து ஆட்கள் அந்த ஜன்னலுக்கு முன்னால். முன்வரிசைக்காகத் தொடங்கிய தள்ளுமுள்ளில் ஒருவன் இன்னொருவனின் தலையைப் பிடித்துக் கண்ணாடியில் மோதினான். கண்ணாடி விரிசல் விட்டது. கடைக்காரர் அன்டெனா வயரை மடித்துக்கொண்டு வந்து கையில் அகப்பட்டவர்களை எல்லாம் விளாசினார். அடி விழ விழ யாரும் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பெண் நீலச் சட்டை ஒன்றின் காலரைப் பிரித்துக் காட்டினாள். திரை முழுவதும் என் எழுத்து, நீண்ட வாலோடு.

"மலைநாட்டின் தையல் மன்னர் பார்த்துப் பார்த்து உருவாக்கிய சட்டை" என்றாள்.

"நான் எங்கடா பாத்தேன்?" என்றார் மச்சான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நெற்றி கிழிந்தவனும் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

அடுத்த தீபாவளிக்குத் தோட்டத்தில் அட்வான்ஸ் கொடுத்த கையோடு ஆட்கள் அந்தச் சட்டைகளைத்தான் வாங்கினார்கள். ஹட்டனில், கினிகத்தேனையில், நல்லதண்ணிக் கடைகளில் எல்லாம் அது தொங்கியது. துணி வாங்கித் தைக்கக் கொடுப்பதில் பாதி விலை. தகப்பனுக்கும் மகனுக்கும் மருமகனுக்கும் ஒரே நீலம். மச்சானின் கடையில் தைக்க வந்தவர்கள் குறைந்தார்கள். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "எங்க வாங்குனாலும் என் பேருதானே மாப்ள" என்றார்.

தீபாவளி அன்று காலை முதலில் கிழிந்தது யூனியன் தலைவர் வீட்டில். அவருடைய மருமகனுக்குத் தலைத்தீபாவளி. பட்டிப்பொலப் பக்கத்திலிருந்து வந்த கொஞ்சம் பருத்த மனிதர். எண்ணெய் வைத்துக் குளித்து, காலரில் மஞ்சள் தடவிய புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு மாமனார் காலில் விழக் குனிந்தார். அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே சத்தத்தில் பிளந்தது.

"என்ன மச்சான், இன்னும் கறிச்சோறே போடல, அதுக்குள்ள வயிறு வெடிச்சிருச்சா?" என்றாளாம் மருமகனின் கொழுந்தியாள். வீடே சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. இரண்டு ஆட்களை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். வந்தவர்கள் கூப்பிட வந்த மாதிரி நிற்கவில்லை, பிடிக்க வந்த மாதிரி நின்றார்கள்.

அக்கா மச்சானின் கையைப் பிடித்தாள். "போகாதீங்க. போனா அது நீங்க தச்ச சட்டன்னு ஆயிரும்."

"என் பேரு போட்ட சட்ட. தலத்தீவாளி அன்னைக்கு கிழிஞ்சு கெடக்கு. போகாம வீட்டுல குந்திக்கிட்டு இருந்தா நான் என்ன தையக்காரன்?"

போனார். வாசலில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுத்தார். ஆட்டுக்கறியும் சோறும் சாப்பிட்டு வெற்றிலை வாங்கிக்கொண்டு வந்தார். வரும் வழியிலேயே ஐந்தாறு பேர் மறித்தார்கள். "அண்ணே, எங்க வீட்டுக்கும் ஒரு எட்டு." இருட்டும்வரை லயம் லயமாகப் போய்த் தைத்தார். மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. நனைந்த சட்டைகளில் சாயம் இறங்கி, ஆண்களின் கழுத்தும் மார்பும் அடிபட்டுக் கன்றியதுபோல நீலமாகின. பொழுது சாய்ந்தபோது மச்சான் போகாத வீடுகள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

மறுநாள் கடை திறப்பதற்குள் கூட்டம் நின்றது. கிழிந்ததை மூஞ்சியில் எறிந்தார்கள். பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். வரிசையில் ஒருவர் தலையை ஒருவர் தள்ளி, செருப்பால் அடித்துக்கொண்டார்கள். மச்சான் இரண்டு நாள் தைத்தார். கை வீங்கியது. பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.

"கம்பெனியில போய் கேளுங்க."

"கம்பெனி எங்க இருக்கு?"

"கொழும்புல."

"பேரு ஹட்டன்ல, கம்பெனி கொழும்புலயா? மூத்திரம் மட்டும் எங்க பெய்வ, மாத்தறையிலயா?" என்று கேட்டு ஒருவர் மச்சானின் கன்னத்தில் அறைந்தார். மச்சானைவிட வயதில் சின்னவர். மச்சான் கன்னத்தைத் தடவிக்கொண்டு அடுத்த சட்டையை எடுத்தார்.

கவ்வாத்து வெட்டுகிற ஒருவரின் மனைவியும் அந்த நாட்களில் இரண்டு தடவை வந்தாள். தேயிலைச் செடியின் தலையை ஒரே வீச்சில் சீவுகிற வேலை அவள் புருஷனுக்கு. எங்கள் டிவிஷனில் அவர்தான் முதல் ஆள். அவர்களுடைய மூத்த மகனின் சட்டை தீபாவளி அன்று சாமி கும்பிடும்போது முதுகில் கிழிந்துவிட்டது. மச்சான் நாளைக்கு வாங்க என்றார், பிறகும் நாளைக்கு என்றார். அந்த வார மழையில் கொழுந்து லொறி ஒன்று வளைவில் வழுக்கிப் பள்ளத்தில் உருண்டது. மேலே ஏறி நின்ற அந்த மகன் லொறிக்கு அடியில் அகப்பட்டான். எடுக்கும்போது அடையாளம் காலில் கட்டியிருந்த கயிற்றை வைத்துத்தான் சொன்னார்கள்.

புதைத்த இடத்திலிருந்து நேராக எங்கள் கடைக்கு வந்தார்கள். வரும் வழியில் கூட்டம் பெருகியது. அந்தக் கூட்டம்தான் நான் முதலில் சொன்னது.

கண்ணாடி உடைந்ததும் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார்கள். தகப்பன் உள்ளே வந்தார். தோளில் ஈர மண். இடது கையில் மகனின் சட்டை. வலது கையில் கவ்வாத்துக் கத்தி, வேலைக்குப் போகும்போது பிடிக்கிறதுபோலவே தாழ்த்திப் பிடித்திருந்தார். சட்டையை வெட்டுமேசையில் விரித்து வைத்தார்.

"இத தச்சுக் குடு தம்பி."

அதைத் தைத்துக் கொடுத்தால் சாவைத் தலையில் வாங்கிக்கொண்ட மாதிரி. அந்த நேரம் மச்சானுக்கு அதுதான் தோன்றியிருக்க வேண்டும்.

"அண்ணே, இது நான் தச்சது இல்லண்ணே."

"பேரு?"

"பேரு என்னது. சட்ட என்னது இல்ல."

"அப்ப தலைவரு வீட்டுல போயி குந்தி கறி தின்னியே. அது யாரு சட்ட?"

மச்சான் வாயைத் திறந்தார். அவருடைய வலது கை சட்டையின் மேல் இருந்தது. கத்தி இறங்கிய சத்தம் மரத்தில் விழுந்த சத்தமாகத்தான் எனக்குக் கேட்டது. புறங்கையில் குறுக்காக ஒரு வெள்ளைக்கோடு தெரிந்தது, ஒரு கணம் கழித்துத்தான் ரத்தம் வந்தது. மச்சான் தன் கையை வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார்.

வெட்டியவர் கத்தியைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மற்றவர்கள் அழவில்லை. மெஷின்களைத் தூக்கி வெளியே சாக்கடைக் கானுக்குள் எறிந்தார்கள். யாரோ ஒருவன் கரி இஸ்திரிப்பெட்டியின் மூடியைத் திறந்து தணலைத் துணிக்கட்டுகளில் கொட்டினான். புகை சூழ்ந்தது. அக்காவின் கூந்தலைப் பிடித்து ஒருவன் இழுக்க, அவள் பிள்ளையை விடாமல், அவன் மணிக்கட்டைக் கடித்துத் தொங்கினாள். நான் துணி அளக்கிற கஜக்கோலை எடுத்து அவன் வாயில் அடித்தேன். பல் தெறித்தது. அவன் என்னோடு ஐந்தாம் வகுப்பில் ஒரே வாங்கில் உட்கார்ந்தவன். அடி விழுந்ததும் "ஏன்டா?" என்றுதான் கேட்டான், பழைய குரலில். நான் திரும்பவும் அடித்தேன். பிறகு என் பின்மண்டையில் எதுவோ விழுந்தது.

போலீஸ் வந்தபோது கடையில் எரிவதற்கு மிச்சம் அதிகம் இருக்கவில்லை. "மொகத மே?" என்று சார்ஜன்ட் கேட்டார். என்ன இது என்று சிங்களத்தில் கேட்டவருக்கு இரண்டு மொழியிலும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் எடுக்க வந்தபோது, வெட்டியவரை அடையாளம் தெரியாது, புகையாக இருந்தது என்றார் மச்சான். கத்தி விழுந்தபோது புகையே இல்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். கட்டுப் போட்ட கையாலேயே என் தொடையில் இடித்தார்.

"அவரு புள்ளய குடுத்துட்டாரு மாப்ள. இன்னும் என்ன புடுங்கப் போற அவருகிட்ட?"

நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். கட்டைவிரல் தப்பியது. மற்ற நான்கும் மடங்கவில்லை. கத்தரிக்கோலைக் கொடுத்துப் பார்த்தோம். கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது.

கம்பெனிக்கு அதெல்லாம் தெரிந்ததாகத் தெரியவில்லை. சனிக்கிழமை நிகழ்ச்சி வந்துகொண்டுதான் இருந்தது. சட்டைக்குப் பிறகு பிள்ளைகளின் கவுன், அதற்குப் பிறகு பள்ளிக்கூட யூனிஃபோம், மூக்குத் துடைக்கிற லேஞ்சி, கட்டில் விரிப்பு. எல்லாவற்றிலும் அதே பெயர், அதே வால். அந்தப் பெண் அதே சிரிப்போடு தையல் மன்னர் என்றாள். நான் அப்போது உயர்தரம் பாஸாகி ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தேன். தெருவில் போகும்போது எதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதைவிடக் கழுத்தைப் பார்க்கப் பழகிவிட்டேன்.

மச்சானுக்கு அது பைத்தியம் மாதிரி பிடித்துக்கொண்டது. கடைவீதியில் நடந்துபோகிறவன் காலரில் பட்டி தெரிந்தால் பின்னால் போய் இடது கையால் பிய்த்து எடுப்பார். பட்டியோடு காலரும் வரும். திரும்பியவன் அடிப்பான். அடி வாங்கிக்கொண்டே அடுத்தவனைத் தேடுவார். ஒரு தாய் தூக்கிவந்த குழந்தையின் கவுனில் கை வைத்தபோது சந்தைக்குள் வைத்து அவரை விறகுக்கட்டையால் அடித்தார்கள். நல்லதண்ணி பஸ்ஸுக்குள் ஒருவனின் சட்டையைக் கழுத்தோடு பிடித்து இழுத்தார். சிவனொளிபாத மலை ஏற வந்த யாரோ வெளியூர்க்காரன்.

"என் பேர ஏன்டா போட்டிருக்க? கழட்டுடா!"

"காசு குடுத்து வாங்குனேன்டா பைத்தியக்காரா!"

அவன் முழங்கையால் இடித்ததில் மச்சானின் முன்பல் போனது. பஸ்ஸை நிறுத்தி எங்கள் இரண்டு பேரையும் மழையில் இறக்கிவிட்டார்கள். ரோட்டோரத்தில் உட்கார்ந்து ரத்தத்தைத் துப்பினார். "மாப்ள, நான் செத்தாலும் இந்தப் பேரு கெடந்து அடி வாங்கிக்கிட்டே இருக்கும்டா" என்றார். உள்ளங்கையில் பிய்த்த பட்டி கசங்கிக் கிடந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அக்கா சண்டை பிடித்தாள். "பேரு போனா போயிட்டுப் போகுது. அத திருப்பி வாங்கி என்ன செய்யப் போறீங்க? கறி வைக்கவா?"

"புள்ளய நாளைக்கு பள்ளிக்கூடத்துல சேக்கிறப்ப அவன் பேருக்கு முன்னால எதடி எழுதுவாங்க? எங்கப்பன் பேரயா? என் பேரத்தானே? எவன் காலருல கெடக்கிற பேருன்னு கேட்டா அவன் என்ன சொல்லுவான்?"

மறுநாள் அக்கா விற்பதற்காகத் தாலிக்கொடியைக் கழற்றி, மஞ்சள் கயிறு போட்டுக்கொண்டாள்.

அப்பா, மச்சான், நான் மூன்று பேரும் கொழும்புக்கு ரயில் ஏறினோம். கம்பெனி ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் இருந்தது. கீழே வரிசையாக மெஷின்கள், குனிந்த பெண்கள், தரையில் குவியல் குவியலாக வெட்டிய துணி. ஒரு மூலையில் பெட்டி நிறையப் பட்டிகள், மச்சானின் பெயர் ஆயிரக்கணக்கில், அரிசி மாதிரி. முதலாளி எங்களை உட்காரச் சொன்னார், சோடா வரவழைத்தார். அவர் கோபக்காரர் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"பேர திருப்பித் தாங்கங்கிறீங்க. எப்பிடித் தம்பி? அது இப்ப ஓடுதே. குடுத்த காசு, விளம்பரத்துக்குப் போட்ட காசு, அடிச்சு வச்ச பட்டி, கடைக்காரங்களுக்கு சொன்ன சொல்லு. எல்லாத்துக்கும் யாரு பொறுப்பு?"

மச்சான் கையைத் தூக்கிக் காட்டினார்.

முதலாளி உண்மையாகவே வருத்தப்பட்டார். "ச்சே. பாவம். ஆனா தம்பி, பேருக்கு கை தேவல்லயே. ஒங்க மாசக் காசு அது பாட்டுக்கு வரும்."

அப்பா எழுந்தார். என் வாழ்நாளில் அவர் ஒருவரையும் அடித்து நான் பார்த்ததில்லை. ஸ்டோரில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு கெட்ட வார்த்தையில் ஏசினாலும் தலைகுனிந்து நிற்கிறவர். மேசையில் பட்டிகளின் மேல் பாரத்துக்கு வைத்திருந்த இரும்புக் கட்டியை எடுத்து முதலாளியின் முகத்தில் அடித்தார். திரும்பவும் அடித்தார். தாடை எலும்பு உடைந்ததை நான் கேட்டேன். மூன்றாவது அடிக்கு மச்சான் தன் கெட்ட கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார்.

கீழேயிருந்து ஆட்கள் ஏறிவந்தார்கள். துணிச்சுருளுக்கு நடுவே இருக்கிற தடிகளால் எங்களை அடித்தார்கள். அப்பாவைப் படியில் உருட்டிவிட்டார்கள். விலா எலும்பு இரண்டு முறிந்தது. என் இரண்டு கண்ணும் வீங்கி மூடிப்போய், போலீஸ் கூட்டில் போட்ட பிறகுதான் ஒரு கண் திறந்தது. அங்கே அப்பா சுவரோடு சாய்ந்து மூச்சு விட முடியாமல் உட்கார்ந்திருந்தார். மச்சான் அவர் வாயைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டார்.

"மாமா, ஏன் மாமா நீங்க?"

"நீ அடிச்சிருப்ப" என்றார் அப்பா. "எனக்கு வயசாச்சு. உள்ள போனா பரவால்ல."

ஒரு லோயர் இரண்டு பக்கமும் பேசினார். முதலாளி தாடையைக் கம்பியால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதிக் காட்டினாராம். கொலை முயற்சி என்று போனால் அப்பா வெளியே வருவது சந்தேகம். சமாதானமாகப் போனால் முதலாளியின் வைத்தியச் செலவு, அடித்து வைத்த பட்டிகள், விற்காமல் கிடந்த உடுப்பு, அதுவரை மச்சானுக்குக் கொடுத்த மாசக் காசு எல்லாவற்றையும் நாங்கள் கட்டவேண்டும். கட்டினால் வழக்கும் வராது, பெயரும் விடுபடும். லோயர் இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதிவிட்டார். மச்சான் எப்படிக் கையெழுத்து வைப்பார் என்று அவருடைய கிளார்க் கேட்டார். "கட்டைவிரல் இருக்குதானே, அது போதும்" என்றார் லோயர்.

அப்பா வேலையை விட்டு விலகினால்தான் சேமலாபம், சம்பளத்தில் பிடித்து வைத்த பணம், கையில் வரும் என்றார்கள். விலகினார். வேலை இல்லாதவர்களுக்கு லயக்காம்பராவில் இடம் இல்லை என்று கண்டாக்கு வந்து சொன்னார். எங்கள் சாமான்களைக் கானோரத்தில் இறக்கி வைத்தபோது யூனியன் தலைவர் அந்த வழியாகப் போனார், மருமகனோடு. இரண்டு பேரும் வேறு சட்டை போட்டிருந்தார்கள். கினிகத்தேனையில் ஒரு கடையின் பின்புறம் அறை எடுத்துக்கொண்டோம். கானிலிருந்து எடுத்துக் கழுவிய மெஷின்களில் ஓடக்கூடியதாக இருந்த ஒன்றையும் விற்றோம். மகனைப் புதைத்த அந்தத் தகப்பன் ஒரு நாள் அறைக்கு வந்து, வாசலுக்கு வெளியே நின்றபடியே, வெற்றிலையில் சுற்றிய கொஞ்சக் காசை அக்காவின் கையில் வைத்துவிட்டுப் போனார். அக்கா அதை எறியப் போனாள். மச்சான் வாங்கி மற்றதோடு சேர்த்தார்.

பணத்தைக் கொண்டுபோய்க் கட்டியது நான். அன்று பின்னேரம் கம்பெனி ஆட்கள் கட்டடத்தின் பின்முற்றத்தில் பட்டிகளைக் கொட்டி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள், நான் பார்க்கவேண்டும் என்று. மச்சானின் பெயர் சுருண்டு சுருண்டு கரியானது. ஒரு துண்டைக்கூட எடுத்துவர நான் குனியவில்லை. ரசீதில் எழுதியிருந்ததை ரயிலில் பலமுறை வாசித்துப் பார்த்தேன். அக்காவின் தாலிக்கொடி, அப்பாவின் சேமலாபம், மெஷின், வெற்றிலையில் வந்த காசு, நான் வட்டிக்கு வாங்கியது எல்லாம் அதற்குள் இருந்தன: இருபத்தோராயிரத்து அறுநூறு ரூபா.